அடியிலா மூடியிலா

கழுத்தை நிமிர்த்து என்றால் நிமிர்த்த வேண்டியதுதான். கத்தி அவன் கையில். ஞானசிகாமணி நிமிர்த்தினார். ஆவுடையப்பன் நுரையைத் தாடையிலிருந்து காது வரை பூசிக்கொண்டே பேசினான். அவனுக்குக் கை வேறு, வாய் வேறு, ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. சாயங்கால வெயில் வாசல் வழியாகச் சரிந்து வந்து கண்ணாடியில் விழுந்திருந்தது. இந்த மாதிரிச் சாய்ந்த வெளிச்சம்தான் வேண்டும், ஆபீஸில் கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டு வாசிக்க. நேர் வெளிச்சத்தில் ஒரு மண்ணும் தெரியாது. கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் தட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். காலையில் அப்படித்தான் பிடித்தார். நன்றாகத்தான் பார்த்தார். பார்த்ததைச் சுகாதார அதிகாரிக்குப் போனில் சொல்லியும் ஆயிற்று. சொன்னது முடிந்தது. இனிச் சவரம், வீடு, கஞ்சி, படுக்கை. "என்ன சார், மொகத்த உம்முனு வச்சிருக்கிய?" என்றான் ஆவுடையப்பன். "சவரத்தப் பண்ணு." "பண்ணத்தான போறேன். சார் ஆபீஸ்ல காலராக் கிருமிக்குச் சோறு போட்டு வளக்காவளாமே, நெசமா?" பின்னால் பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த வலைக்கடை மிக்கேல் பேப்பரை மடக்கினார். "கறிச்சோறுடே. மாட்டுக்கறி சாறு எடுத்து ஊத்தி வளக்காவ. ஒன் வீட்ல கூட அப்படிக் கெடைக்காது." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கறிச்சாறு என்பது சரிதான். வளர்ப்பதும் சரிதான். வளர்த்து, அதன் மேல் அதைத் தின்கிறதை விடுவது. அதை இவன்களிடம் சொல்ல முடியாது. கிருமிக்கும் ஒரு நோய் உண்டு, அதற்கு ஃபேஜ் என்று பெயர், கண்ணுக்குத் தெரியாத கிருமியை அதைவிடத் தெரியாத ஒன்று துளைத்துத் தின்னும் என்றால், சார் கதை விடுதாவ என்பான்கள்.

வெளியே ஏதோ சரசரவென்று இழுபட்டது. உமி ஒட்டின சாக்கு. அதன் மேல் பாளம். பிறகு கடப்பாரை நுனி விழும் சத்தம், டொக், டொக், ஒரு விரிசல். ஐஸ். பக்கத்துச் சர்பத் கடையில் மரியபுஷ்பம் ஐஸ் இறக்கியிருக்கிறாள். ஞானசிகாமணியின் உடம்பில் எங்கேயோ ஒன்று அந்த டொக்குக்குத் துள்ளியது. வயசாகிறது. சத்தம் ஒத்துக்கொள்வதில்லை. "காலரான்னு ஐஸ் பாக்டரிக்கு வச்ச சீல் இன்னைக்கித்தான் சார் எடுத்திருக்காவ," என்றான் ஆவுடையப்பன், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. "இத்தன நாளா மீனெல்லாம் நாறிக் கெடந்துச்சு. வெறும் வாளையக் கூட வாங்க ஆளில்ல. ஒங்க ஆபீஸ்ல யாரோ போன்ல சொன்னாவளாம், ஐஸ் மேல தப்பில்லன்னு. அந்த மனுசன் நல்லா இருக்கணும்." "நீடூழி வாழட்டும்," என்றார் மிக்கேல். ஞானசிகாமணி கண்ணாடியில் தன் நுரை முகத்தைப் பார்த்தார். சொன்னவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சவரக்காசு வாங்கமாட்டான். சொல்லப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. ஐஸிலும் கிருமி சிக்கவில்லை, பாக்டரிக் கிணற்றிலும் சிக்கவில்லை. சிக்கியது பாளம் இழுக்கிற சந்தியாகு வயிற்றில். அவனுக்கு இந்த ஊரில் காலராவில் செத்தவர்களின் கிருமிதான் என்றால் பாக்டரிக்குப் பூட்டு. அவன் தன் மச்சினன் ஊருக்குப் போய்வந்தவன், அங்கேயும் காலரா. அங்கேயிருந்து கொண்டுவந்த வேறு வகை என்றால் பாக்டரி மேல் பழியில்லை, செத்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று குடிதண்ணீர்க் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அவனுடையதும் அவர்களுடையதும் ஒன்றா, வேறா? வேறு. சொன்னார். போனை வைத்தார். அது வேறுதான்.

கத்தி இறங்கியது. காதோரம் சர்ரென்று ஒரு கோடு. கண்ணை மூடினார். மூடினால் தட்டு வரும், எப்போதும் வரும். இத்தனை வருஷத்தில் மூடின இமைக்குள் இருட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை, வெள்ளைப் பாசி படர்ந்த வட்டம்தான். மெலிதாகக் கிருமி படர்ந்த வட்டம். அதில் ஓரத்தைச் சுற்றிக் கடிகார முகம் மாதிரிச் சொட்டுச் சொட்டாக ஃபேஜ் வைப்பார், ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு ஜாதி. ஒவ்வொன்றுக்கும் தனக்குப் பிடித்த கிருமிதான் ஆகும், மற்றதைத் தொடாது, பட்டினி கிடந்து சாகும். பிடித்தது கிடைத்தால் தின்று தீர்த்துவிடும். மறுநாள் அந்த இடத்தில் தெளிவாக ஒரு ஓட்டை. எந்தெந்த இடத்தில் ஓட்டை என்பதுதான் கிருமியின் முகம். மற்ற இடங்களில் கட்டம் கிழித்து வைப்பார்கள். இவர் வட்டமாகத்தான். பழக்கம். வட்டத்தில் பன்னிரண்டு எங்கே என்று காட்ட ஒரு கோடு, நீல மெழுகுப் பென்சிலால், கண்ணாடித் தட்டின் அடியில். அடியில்தான். மூடியில் போடக்கூடாது. மூடி சுழலும். கை பட்டால் நகரும், நகர்ந்தால் பன்னிரண்டு மூன்றாகும், ஒன்பதாகும், யாருக்கும் தெரியாது. ஆபீஸில் உதவிக்கு இருந்த ஸ்டெல்லா மூடியில் கோடு போட்டாள் என்று அவள் தட்டுகளை அடுக்கோடு கிருமி கொல்லும் லைசால் வாளியில் போட்டவர் அவர். அந்தப் பெண் அழுதாள். அழுதால் அழட்டும், மூடியில் எழுதுகிறவள் போய்த் தபால் உறையில் எழுது என்றார். இப்போது எங்கேயோ கல்யாணமாகிப் போய்விட்டாள். இன்றைக்கு ஏன் அவள் ஞாபகம்? சர்ர். தாடையின் கீழே வந்துவிட்டது கத்தி. இமைக்குள் அந்த ஓட்டைகள் அவரைப் பார்த்தன. ஓட்டை பார்க்குமா? இது பார்த்தது. குழி விழுந்து, ஓரம் கறுத்து, நடுவில் ஈரம் வற்றி.

அப்படிப் பார்த்தது செல்லக்கனி அக்கா, அவருடைய சின்ன வயசில், காலரா கண்டு. ஒரே பகலில் கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. காலையில் வாசல் பெருக்கினவள், மத்தியானம் ஊறின துணி மாதிரி விரல் சுருங்கிக் கிடந்தாள். அம்மா பேதி மேல் மண் அள்ளிப் போட்டுப் போட்டுக் களைத்து, வைத்தியனைக் கூட்டிவரப் போனாள். போகும்போது செம்பைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "பச்சத் தண்ணி கண்ணுல காட்டப்படாது. குடுத்தா அம்புட்டும் வெளிய வந்துரும், அக்கா செத்துப்போவா, கேட்டியா?" கேட்டார். செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தார். அக்காவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. காற்றாகத்தான் வந்தது. தம்பி. தண்ணி. அழவில்லை, கண்ணில் அழுவதற்கு ஈரம் இல்லை. ஒரு மடக்கு தா தம்பி. அவர் நகரவில்லை. நல்ல பிள்ளை, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. பின்னால் செம்பு முதுகில் குளிர்ந்தது. அது வெயில் காலம். முதுகுக்குச் சுகமாக இருந்தது, அதுதான், அந்தச் சுகம்தான் இன்னும் முதுகில் இருக்கிறது. பல வருஷம் கழித்துக் கல்லூரியில் ஒரு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்: காலராக்காரன் கிருமியால் சாவதில்லை, தண்ணீர் வற்றிச் சாகிறான், உப்புப் போட்ட தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைப்பான். சொல்லிவிட்டு அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஞானசிகாமணி அழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தூங்கிட்டியளா? கண்ணத் தெறங்க, சர்பத் வந்திருக்கு." கண்ணைத் திறந்தார். கண்ணாடி முன் பலகையில், பவுடர் டப்பாவுக்கும் படிகாரக் கல்லுக்கும் நடுவில், இரண்டு கிளாஸ் நன்னாரி. ஐஸ் மிதந்தது. "நான் கேக்கலியே." "பாக்டரி தெறந்த சந்தோசம் சார், மிக்கேல் அண்ணாச்சி கணக்கு. ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எனக்கு. ஆறட்டும், மத்தக் கன்னத்த முடிச்சிட்டுக் குடிப்போம்." "ஐஸ் ஆறுமாடே, கோட்டிக்காரா," என்றார் மிக்கேல். "எனக்குச் சளி. இல்லன்னா ஒனக்கு வாங்கிக் குடுப்பேனா?" ஞானசிகாமணி கிளாஸையே பார்த்தார். வேர்த்திருந்தது. கண்ணாடியின் வெளிப்புறமெல்லாம் பொடிப்பொடியாக நீர், ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து வழிந்து பலகையில் வளையம் கட்டியது. மேலே, சர்பத் எட்டாத விளிம்பில், கிளாஸ் உலர்ந்திருந்தது. அடியில் ஈரம், மேலே உலர்வு. ஏன் இதைப் பார்க்கிறேன்? அடியில் ஈரம். அடியில் ஈரம், பென்சில் வழுக்கியது. எங்கே வழுக்கியது? நேற்று. தட்டைப் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வேர்த்துவிட்டது. அடியில் ஜெல்லி மாதிரி அகார் கனமாக இருப்பதால் அடி சீக்கிரம் காயாது. மூடி மெலிசு, மூடி உடனே காய்ந்துவிடும். அடியில் பென்சிலை வைத்தார். வழுக்கியது. துடைத்தார். மறுபடி வேர்த்தது. வெளியே ஐஸ் பாக்டரி முதலாளி நின்றுகொண்டிருந்தான், ஐயா ஐயா என்று, மீன் நாறுது ஐயா, பொழப்பு போச்சு ஐயா. எரிச்சல். போய்த்தொலை என்று கத்தினார். கத்திவிட்டு? கத்திவிட்டுக் கோடு போட்டார். எங்கே போட்டார்?

அடியில். அடியில்தான் போடுவார், வேறு எங்கே போடுவார், இத்தனை வருஷக் கை, கைக்குத் தெரியும். கையை விட்டால் கை தானாக அடிக்குத்தான் போகும். ஆனால் பென்சில் வழுக்காமல் போன சுகம் ஞாபகம் இருக்கிறது. கறக்கென்று ஒரே இழுப்பில் விழுந்தது கோடு. வேர்த்த கண்ணாடியில் அப்படி விழுமா? காய்ந்த பிறகு போட்டிருப்பார். காயும் வரை நின்றாரா? அவர் எதற்கு நின்றிருக்கிறார், பஸ்ஸுக்கே நிற்கமாட்டார். சர்ர். மறு கன்னம். போர்த்தின துணிக்கு உள்ளே வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலை ஆள்காட்டியால் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுப்பு. மெழுகா? நுரை வழிந்ததா? வேர்வையா? நீலம் இருந்தால் தெரியும். துணிக்குள் எப்படித் தெரியும்? தெரிந்துதான் என்ன, கோடு போட்டவன் விரலில் நீலம் இருக்கத்தான் செய்யும், அடியில் போட்டாலும் ஒட்டும், மூடியில் போட்டாலும் ஒட்டும். விரல் சாட்சி சொல்லாது. தட்டு சொல்லும். தட்டு லைசால் வாளியில் கிடக்கிறது. வாசித்து முடிந்ததும் போட்டுவிட்டார், சுத்தமான வேலைக்காரர். மெழுகுக் கோடும் கழன்றிருக்கும். மறுபடி செய்யலாம், சந்தியாகுவின் கிருமி குழாயில் உயிரோடுதான் இருக்கிறது. நாளைக் காலையில் தெரிந்துவிடும். நாளைக்குத்தானே. ஒரு ராத்திரி. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும்? டொக். மரியபுஷ்பம் இன்னொரு மூலையை உடைக்கிறாள்.

"அசையாதிய சார், பட்டுரும்." "அசையல." "அசைஞ்சிய. தொண்ட எறங்கி ஏறுது." ஆவுடையப்பன் விரலால் அவர் மூக்கை மேலே தூக்கினான். இப்போது அண்ணாந்திருந்தார், கண்ணாடியின் மேல்பாதிதான் தெரிந்தது, அதில் வாசல், வாசலுக்கு வெளியே சர்பத் கடைப் பெஞ்சு, இடம்மாற்றி, வலதை இடதாக. ஒரு மீன்காரி வந்து கூடையை இறக்கினாள். வெகுதூரம் நடந்து விற்றுவிட்டு வந்தவள், உதடு வெடித்துக் கிடந்தது. சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மரியபுஷ்பத்திடம் ஏதோ கேட்டாள். கேட்டது காதில் விழவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அவருக்குத் தெரியும் அது என்ன சொல் என்று. வேண்டாம், பார்க்காதே. கண்ணை மூடினார். மூடினதும் தட்டு. சந்தியாகுவின் தட்டு. ஓட்டை ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு ஒரு இடைவெளி, பிறகு தனியாக ஒன்று, எதிர்ப்பக்கத்தில் மங்கலாக அரைகுறையாகத் தின்ற ஒன்று. வேறு. செத்தவர்களின் தட்டு எப்படி? அதுவும் இமைக்குள் இருக்கிறது, எங்கே போகும்; அந்தக் குழந்தையின் தட்டு, அந்த லாரிக்காரனின் தட்டு, எல்லாம் ஒன்றே. கோட்டுக்கு நேரே ஓட்டை ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. ஒரு இடைவெளி. தனியாக ஒன்று. எதிர்ப்பக்கத்தில் மங்கலாக, அரைகுறையாக.

வட்டம் மெதுவாகச் சுழன்றது. அவர் சுழற்றவில்லை. மூடிக்குக் கீழே அது தானாக, காற்றில் திரும்புகிற கதவு மாதிரி, நகர்ந்து நகர்ந்து போய் மற்றதன் மேல் பொருந்தி நின்றது. ஓட்டையின் மேல் ஓட்டை. கண்ணின் மேல் கண். வேறு இல்லை. இடம்தான் வேறு. முகம் அதே முகம், தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம், உலகத்தில் ஒரே மாதிரி இடைவெளி விட்டு ஓட்டை விழக்கூடாதா? விழலாம். காலையில் இதைக் கவனிக்கவில்லையா? போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி மூன்றாம் தடவை கூப்பிடுகிறான். கோட்டைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், பொருந்தவில்லை, வேறு என்றார். வேறு என்று சொன்னபோது மனசுக்கு இதமாக இருந்தது, ஊர் பிழைத்தது, பாக்டரி முதலாளியும் பிழைத்தான். முதுகில் செம்பு குளிர்ந்த மாதிரி. நாளைக்குச் செய்து பார்த்தால் போச்சு. தப்பு என்றால் நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்குச் சொல்லி, நாளைக்குத் தட்டு சரி என்று வந்தால்? மூடியில் கோடு போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் என்றா சொல்வது? ஞானசிகாமணியா? சிரிப்பான்கள். ஸ்டெல்லா எங்கே இருந்தாலும் சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வது சுலபம். அடியிலா, மூடியிலா. அடியிலா, மூடியிலா. "ஆச்சு சார், மோவாய் மட்டுந்தான். ஒரு வாய் குடிச்சிட்டு வாரேன், நாக்கு ஒட்டுது," என்று ஆவுடையப்பன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளாஸை எடுத்தான்.

"வை."

இவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருந்ததா. ஆவுடையப்பன் கிளாஸோடு நின்றான். மிக்கேல் பேப்பரைக் கீழே இறக்கினார். ஞானசிகாமணி துணியை உதறி எழுந்தார். மோவாய் நிறைய நுரை. கட்டைவிரலில் நீலம் இருந்தது. பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, அது வெறும் நீலம். அவன் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கி வாஷ்பேசினில் கவிழ்த்தார், மற்றதையும் கவிழ்த்தார், ஐஸ் கடகடவென்று உருண்டது. "என்ன சார் இது, சர்பத்த..." "ஐஸ் ஆகாது. ஒருத்தரும் தொடப்படாது." "ஒங்க ஆபீஸ்லதான ஆகும்னாவ?" "நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்லுதேன்." வாசலுக்கு வந்துவிட்டார். மீன்காரி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே வைத்திருந்தாள். குளிர்ச்சியை உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாளோ, குடித்துக்கொண்டிருந்தாளோ. பிடுங்கினார். பாதி அவள் மடியில் கொட்டியது. "ஏ மனுசா! கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? காசு குடுத்து வாங்கினதுய்யா!" மரியபுஷ்பம் கரண்டியோடு எழுந்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, எங் கடையில வந்து கலாட்டா?" "ஐஸ்ல காலரா இருக்கு. இருக்கலாம். உடைச்சதையெல்லாம் சாக்கடையில கொட்டு. வித்தது போதும்." "இருக்கலாமா? இருக்கா இல்லியா, அதச் சொல்லும்." "தெரியாது." அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லை இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. மீன்காரி சேலையை உதறிக்கொண்டு, கோபம் பாதி இறங்கி, அவர் மோவாய் நுரையைப் பார்த்தாள். குரல் காய்ந்து காற்றாக வந்தது. "சரிய்யா, ஐஸ் வேண்டாம். காலையில இருந்து அலஞ்சிருக்கேன். குடிக்கத் தண்ணிக்கு நான் எங்க போவேன்? தண்ணி தா."

நின்றார். ஒரு கணம் முதுகில் குளிர்ந்தது. பிறகு உள்ளே போனார். ஸ்டவ்வில் ஆவுடையப்பன் சவரத்துக்கு வைத்திருந்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. செம்பை அதே வெந்நீரால் அலசினார், நிறைய ஊற்றினார், கை சுட்டது, துண்டால் பிடித்துக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். "இதக் குடி. ஊதிக் குடி." "இந்த வெயில்ல வெந்நியா?" "குடி. இன்னும் தாரேன்." மிக்கேல் வாய்விட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. ஞானசிகாமணி எதிர்ச்சாரி மெடிக்கல் ஷாப்புக்கு நடந்தார். கடைக்காரன் அவர் மோவாயைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போனைத் தள்ளினான். நம்பரைச் சுழற்றினார். டயல் ஒவ்வொரு தடவையும் சுற்றித் தன் இடத்துக்கே திரும்பி வந்தது. அதிகாரி எடுத்தான். "காலையில நான் வாசிச்சது தப்பா இருக்கலாம். பாக்டரியப் பூட்டு." "சார், பாளமெல்லாம் வெளிய போயிட்டுதே. ஊர் பூரா போயிட்டுது." "தேடிப் பிடி. ஒலிபெருக்கி கட்டு. உடைச்சு மண்ணுல கொட்டச் சொல்லு." "நீங்களா சார் தப்பா வாசிச்சிய?" "நான்தான். கோட்ட மூடியில போட்டுட்டேன்." சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் தெரியவில்லை, அடியிலா, மூடியிலா. நாளைக்குத் தெரியும், அந்தக் கவலை நாளையோடு தீர்ந்துவிடும். அந்தப்பக்கம் அதிகாரி யாரையோ கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞானசிகாமணி ரிசீவரைக் காதில் வைத்தபடி தெருவைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் மீன்காரி செம்பை மடியில் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி, ஒரு மடக்கு. ஊதி, இன்னொரு மடக்கு. அவர் காலடியில் அவளிடம் பிடுங்கின அந்த சர்பத் கிளாஸ். பெஞ்சிலிருந்து எடுத்துவந்து கீழே வைத்திருக்கிறார், எப்போது எடுத்தார், எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. அடியில் கொஞ்சம் நன்னாரி, உருகின ஐஸ் ஒரு துண்டு. பாதி அவள் மடியில் கொட்டியது, அதைப் பார்த்தார். பிடுங்கும்போது கிளாஸ் எப்படி இருந்தது? விளிம்பு வரை நிறைந்திருந்ததா? ஒரு மடக்குக் குறைந்திருந்ததா? கையில் கனம் இருந்தது. கையில் தளும்பியது. நிறைந்திருந்தால்தானே தளும்பும். குறைந்திருந்தாலும் தளும்பும். நிறைந்திருந்ததா, குறைந்திருந்ததா. நிறைந்திருந்ததா.